13 வெற்றி போதாதா? கல்லூரிக் கூடைப்பந்தின் கான்ஃபரன்ஸ் சீசன்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை எட்ட நின்று பார்ப்பவர்களுக்கு அது மார்ச் மாத விளையாட்டு. 68 அணிகள் இறங்கும், தோற்ற அணி அன்றே மூட்டை கட்டும், மூன்று வாரத்தில் ஒரே ஒரு அணி மிஞ்சும். அந்த மூன்று வாரத்தில் பரபரப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் எந்த அணி உண்மையில் நல்ல அணி என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நடப்பதைப் பார்க்க வேண்டும். அதுதான் கான்ஃபரன்ஸ் சீசன். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடமும் அதுதான். பட்டியலில் நான்காவதாக வந்த அணிக்கு மார்ச் தொடரில் இடம் இருக்காது. எட்டாவதாக வந்த அணி உள்ளே போயிருக்கும். இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

உதாரணத்துக்கு பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் 2023-24 சீசனை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கான்ஃபரன்ஸின் தீவிர ரசிகன் நான். அதனால் விளக்கத்தோடு என் அபிப்பிராயமும் சேர்ந்தே வரும்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆண்கள் கூடைப்பந்து ஆடுகின்றன. நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும் வழக்கமான சீசனில் ஒரு அணி ஆடுவது முப்பது ஆட்டங்களுக்குச் சற்று மேல். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே இல்லை. ஆகவே பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் குழு சேர்ந்துகொள்கின்றன. அந்தக் குழுவே கான்ஃபரன்ஸ். 2023-24-இல் 32 கான்ஃபரன்ஸ்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி அட்டவணை, தனித் தொலைக்காட்சி ஒப்பந்தம். நவம்பரிலும் டிசம்பர் பாதிவரையிலும் அணிகள் வெளிக் கான்ஃபரன்ஸ் அணிகளோடு ஆடும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் ஆடும்.

பிக் ஈஸ்ட் 1979-இல் பிறந்தது. பிராவிடன்ஸ் கல்லூரியின் பயிற்சியாளராக இருந்த டேவ் காவிட் வடகிழக்கு அமெரிக்காவின் நகரங்களில் இருந்த பல்கலைக்கழகங்களை ஒன்றுசேர்த்தார். ஆறே ஆண்டில், 1985-இல், தேசிய அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட் அணிகள்: ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ், வில்லனோவா. இறுதி ஆட்டத்தில் வில்லனோவா 66-64 என்று ஜார்ஜ்டவுனை வீழ்த்தியது. ஒரு கான்ஃபரன்ஸின் மேல் மக்களுக்கு ஏன் இவ்வளவு பற்று என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த வருடத்தைத்தான்.

பிறகு பணம் குறுக்கே வந்தது. தொலைக்காட்சிப் பணத்தில் பெரும்பங்கு கூடைப்பந்துக்கு அல்ல, அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு. ஃபுட்பாலில் பெரிய அணி வைத்திருந்த சிராக்யூஸ், பிட்ஸ்பர்க் போன்றவை வேறு கான்ஃபரன்ஸுக்குப் போயின. 2013-இல் ஏழு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பிக் ஈஸ்ட் என்ற பெயரைத் தங்களிடமே வைத்துக்கொண்டு தனியாகப் பிரிந்தன. பட்லர், கிரெய்ட்டன், சேவியர் மூன்றும் அவற்றோடு சேர்ந்தன. வெளியே நின்றுவிட்ட கனெக்டிகட் பல்கலைக்கழகம், ரசிகர்கள் யூகான் என்று அழைப்பது, 2020-இல் திரும்பி வந்தது. ஆக மொத்தம் 11 அணிகள். கூடைப்பந்தை முதன்மையாக வைத்து ஒரு பெரிய கான்ஃபரன்ஸ் இன்றும் நடக்கிறது என்பது எனக்குப் பெருமையான விஷயம்.

11 அணிகள் என்ற எண்ணிக்கையில் ஒரு அழகு இருக்கிறது. ஒவ்வொரு அணிக்கும் பத்து எதிரிகள். ஒவ்வொருவரோடும் சொந்த ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று. 20 ஆட்டம், கணக்கு முடிந்தது. யாருக்கும் சுலபமான அட்டவணை வாய்க்கவில்லை, யாருக்கும் கடினமானது தலையில் விழவில்லை. பத்து அணிகள் வந்தபிறகு ஐபிஎல்லில் ஒரு அணி ஐந்து எதிரிகளை இரண்டு முறையும் நான்கு எதிரிகளை ஒரே முறையும் சந்திக்கிறது அல்லவா? பெரிய கான்ஃபரன்ஸ்கள் பலவற்றில் இந்தக் கோணல் இன்னும் மோசம். பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில் 2024 முதல் 18 அணிகள். 20 ஆட்டத்தில் 17 எதிரிகளை அடக்க வேண்டும் என்பதால் மூன்று பேரைத்தான் இரண்டு முறை சந்திக்க முடியும். மற்ற 14 பேரோடு ஒரே ஆட்டம். அது நம் ஊரிலா அவர்கள் ஊரிலா என்பது அட்டவணை போடுபவர் கையில். அங்கே பட்டியலில் மூன்றாவது, ஆறாவது என்பதற்கெல்லாம் நான் அதிக மதிப்பு தருவதில்லை. பிக் ஈஸ்டின் பட்டியலுக்குத் தருகிறேன்.

சொந்த ஊர், வெளியூர் என்பது சின்ன வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் யூகான் தன் ஊரில் கிரெய்ட்டனை 62-48 என்று அடக்கியது. பிப்ரவரி 20 அன்று, நாட்டின் முதல்நிலை அணியாக, அதே கிரெய்ட்டனைச் சந்திக்க நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவுக்குப் போனது. 85-66 என்று தோற்றது. ஐந்து வார இடைவெளியில் 14 புள்ளி வெற்றி 19 புள்ளித் தோல்வியாக மாறிவிட்டது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் யாராக இருந்தாலும் தப்பான முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். இரண்டையும் பார்ப்பவர்களுக்கு இரண்டு அணிகளின் அளவும் பிடிபடும்.

பகையும் இந்த இரட்டைச் சந்திப்பில்தான் முற்றுகிறது. எட் கூலி பிராவிடன்ஸ் நகரிலேயே பிறந்து வளர்ந்தவர். 12 சீசன் பிராவிடன்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். 2023-இல் அவர் அதே கான்ஃபரன்ஸிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கு மாறினார். 2024 ஜனவரியில் ஜார்ஜ்டவுனைக் கூட்டிக்கொண்டு பிராவிடன்ஸுக்கு வந்தபோது, அரங்கமே சேர்ந்து அவரை எதிர்த்துக் கத்தியது. பிராவிடன்ஸ் வென்றது. பட்டியலின் மேல்பகுதியை அந்த ஆட்டம் தொடவே இல்லை. ஆனாலும் அந்த சீசனில் யாரும் தவறவிடக்கூடாத இரவுகளில் அது ஒன்று.

சரி, 2023-24 எப்படி முடிந்தது? யூகான் 18 வெற்றி, 2 தோல்வி. கிரெய்ட்டனும் மார்க்வெட்டும் 14-6. சீட்டன் ஹால் 13-7. செயின்ட் ஜான்ஸ் 11-9. வில்லனோவாவும் பிராவிடன்ஸும் 10-10. பட்லரும் சேவியரும் 9-11. ஜார்ஜ்டவுன் 2-18. டிபால் 0-20.

இந்த எண்களைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். மொத்தம் 110 ஆட்டம், 110 வெற்றி, 110 தோல்வி. கான்ஃபரன்ஸுக்குள் யாரும் புதிதாக வெற்றியைச் செய்ய முடியாது. ஒருவர் எடுப்பது இன்னொருவர் இழப்பது. டிபால் ஒன்றைக்கூட வெல்லவில்லை. ஜார்ஜ்டவுன் வென்ற இரண்டும் டிபாலுக்கு எதிராகத்தான். அப்படியென்றால் மீதி ஒன்பது அணிகளும் இந்த இரண்டு அணிகளிடமிருந்து ஆளுக்கு நான்கு வெற்றி பெற்றிருக்கின்றன. அதைக் கழித்துவிட்டால் யூகான் 14-2, கிரெய்ட்டனும் மார்க்வெட்டும் 10-6, சீட்டன் ஹால் 9-7, செயின்ட் ஜான்ஸ் 7-9. அதாவது வலுவான ஒன்பது அணிகளுக்குள் மட்டும் கணக்குப் பார்த்தாலும் சீட்டன் ஹால் நான்காவது. தோல்வியைவிட வெற்றியே அதிகம். ஐந்தாவது இடத்திலிருந்து கீழே எல்லாருக்கும் தோல்விதான் அதிகம். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே கோடு தெளிவாக விழுகிறது.

ஆனால் மார்ச் தொடருக்கு யார் போவது என்பதைப் பட்டியல் தீர்மானிப்பதில்லை. அங்கே இரண்டு வழி உண்டு.

முதல் வழி, கான்ஃபரன்ஸ் தொடர். வழக்கமான சீசன் முடிந்ததும் மார்ச் மாதத்தில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் ஒரு குறுந்தொடர் நடத்துகிறது. பிக் ஈஸ்ட் தொடர் 1983 முதல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் நடக்கிறது. முதல் ஐந்து இடத்தில் வந்த அணிகள் நேராகக் காலிறுதிக்குப் போகும். மற்ற ஆறும் முதல் நாள் மோதும். ஜெயிக்கும் அணிக்கு, அதன் சீசன் எவ்வளவு மோசமாக இருந்தாலும், தேசியத் தொடரில் நேரடி இடம். 2021-இல் ஜார்ஜ்டவுன் எட்டாவது அணியாக உள்ளே வந்து நான்கு நாளில் நான்கு ஆட்டம் வென்று கோப்பையைத் தூக்கியது. இறுதியில் கிரெய்ட்டனை 73-48 என்று சுருட்டியது. அடுத்த வருடம் அதே ஜார்ஜ்டவுன் கான்ஃபரன்ஸில் 0-19.

இதைவிடப் பெரிய கதை 2011 யூகானுடையது. அன்றைய 16 அணி பிக் ஈஸ்டில் 9-9 என்று ஒன்பதாவதாக வந்த அணி. நட்சத்திர ஆட்டக்காரர் கெம்பா வாக்கரின் தோளில் ஏறி ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றது, அப்படியே போய் தேசிய சாம்பியனும் ஆனது. கார்டனில் 2009-இல் சிராக்யூஸும் யூகானும் ஆறு கூடுதல் நேரம் ஆடி, நள்ளிரவு தாண்டி 127-117 என்று முடித்த காலிறுதியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இந்தத் தொடரை நான் நேசிக்கிறேன். ஆனால் நான்கு நாள் வேகத்தையும் இரண்டு மாத உழைப்பையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாவது வழி, தேர்வுக் குழு. 2024-இல் 32 இடங்கள் கான்ஃபரன்ஸ் தொடர் வெற்றியாளர்களுக்கு. மீதி 36 இடங்களை ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்தது. கான்ஃபரன்ஸ் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பது அந்தக் குழுவுக்கு அளவுகோல் அல்ல. ஒவ்வொரு அணியையும் தனியாக எடுத்து யாரை வென்றது, எங்கே வென்றது, யாரிடம் தோற்றது என்று பார்க்கும். அதற்கு அவர்கள் மேசையில் இருக்கும் முக்கியக் கருவி 2018-இல் வந்த நெட் என்ற தரவரிசை.

நெட் முழுக்கக் கணினி போடும் கணக்கு. முதல் பிரிவு அணிகள் அத்தனையையும் வரிசைப்படுத்துகிறது. வெற்றி தோல்வி, எதிரியின் பலம், ஆட்டம் நடந்த இடம் ஆகியவற்றோடு ஒரு அணி ஒவ்வொரு முறை பந்தைக் கையில் எடுக்கும்போதும் எவ்வளவு புள்ளி எடுத்தது, எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. அந்த வரிசையை வைத்து ஒவ்வொரு வெற்றியையும் நான்கு வகையாகப் பிரிப்பார்கள். 75-வது இடத்திலிருக்கும் அணியை அதன் ஊரில் வென்றால் அது முதல் வகை, உயர்ந்த மதிப்பு. அதே அணியை நம் ஊரில் வென்றால் இரண்டாம் வகைதான். டிபால் போன்ற அணியைச் சொந்த அரங்கத்தில் வென்றால் கடைசி வகை, கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. தோற்றாலோ, தலையில் பெரிய கல்.

இங்கேதான் சீட்டன் ஹால் மாட்டிக்கொண்டது. 2023 டிசம்பர் 20 அன்று நியூவார்க்கில் அவர்கள் யூகானை 75-60 என்று வென்றார்கள். யூகானின் சென்டர் ஆட்டக்காரர் டானவன் கிளிங்கன் அந்த ஆட்டத்தின் நடுவில் காயத்தால் வெளியேறினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் வெற்றி வெற்றிதான். (2024 ஏப்ரலில் யூகான் பர்டூவை வென்று தொடர்ந்து இரண்டாவது முறையாக தேசிய சாம்பியன் ஆன ஸ்கோரும் 75-60!) மார்ச்சில் யூகான் ஊரில் நடந்த மறு ஆட்டத்தில் சீட்டன் ஹால் 91-61 என்று உதைவாங்கியது. பட்டியலில் இது ஒன்றுக்கு ஒன்று, சமம். புள்ளி வித்தியாசம் பார்க்கும் கணக்கிலோ 15 கூடி 30 குறைகிறது. சீட்டன் ஹாலின் சீசன் முழுக்க இப்படித்தான்: கடைசி நிமிடத்தில் மூச்சுப்பிடித்து ஜெயிப்பார்கள், தோற்றால் மொத்தமாகத் தோற்பார்கள். நவம்பர், டிசம்பரில் அயோவா, பெய்லர், ரட்கர்ஸ் என்று வெளி அணிகளிடம் தோற்றதும் சேர்ந்துகொண்டது. நெட் அவர்களை அறுபதுகளில் கொண்டுபோய் வைத்தது.

செயின்ட் ஜான்ஸை அதே நெட் முப்பதுகளில் வைத்திருந்தது. அந்த சீசனில் சீட்டன் ஹால் செயின்ட் ஜான்ஸை இரண்டு முறையும் வென்றிருந்தது. தன் ஊரில் 80-65, அவர்கள் பக்கத்தில் 68-62. கார்டனில் நடந்த காலிறுதியில் செயின்ட் ஜான்ஸ் திருப்பிக் கொடுத்தது உண்மை. ஆனால் 20 ஆட்டத்தில் இரண்டு வெற்றி அதிகம், நேருக்கு நேரிலும் முன்னிலை. அப்படிப்பட்ட அணி முப்பது இடம் பின்னால் என்று ஒரு கணக்கு சொன்னால், அந்தக் கணக்கை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நெட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. 350 அணிகளை ஒப்பிட அப்படி ஏதாவது ஒன்று தேவைதான். ஒரே கதவுக்குள் இருபது முறை மோதிய 11 அணிகளை ஒப்பிட அது தேவையே இல்லை; அவர்களே ஆடித் தீர்த்துவிட்டார்கள்.

2024 மார்ச் 17 அன்று தேர்வு வெளியானது. பிக் ஈஸ்டிலிருந்து மூன்றே அணிகள்: யூகான், மார்க்வெட், கிரெய்ட்டன். சீட்டன் ஹாலும் இல்லை, செயின்ட் ஜான்ஸும் இல்லை, பிராவிடன்ஸும் இல்லை. அந்த வாரம் பல கான்ஃபரன்ஸ் தொடர்களில் எதிர்பாராத அணிகள் ஜெயித்திருந்ததும் ஒரு காரணம். ஏ.சி.சி. கான்ஃபரன்ஸில் பத்தாவதாக வந்த நார்த் கரோலைனா ஸ்டேட் ஐந்து நாளில் ஐந்து வென்று உள்ளே நுழைந்தது. அப்படி ஒவ்வொரு அணி நுழையும்போதும் விளிம்பில் நின்ற ஒரு அணி வெளியே தள்ளப்படுகிறது. மேற்கு மாநிலங்களின் மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸுக்கு ஆறு இடம் கிடைத்தது. நவம்பரில் அவர்கள் வெளி அணிகளை வென்று வைத்திருந்தது ஜனவரியில் அவர்களுக்குள் நடந்த ஒவ்வொரு ஆட்டத்தின் மதிப்பையும் ஏற்றிவிட்டது. கான்ஃபரன்ஸுக்குள் வெற்றியைப் புதிதாகச் செய்ய முடியாது என்றேன் அல்லவா, மதிப்பைச் செய்கிற இடம் நவம்பர்தான்.

உள்ளே போன மூன்று பிக் ஈஸ்ட் அணிகளும் முதல் இரண்டு ஆட்டங்களை வென்று கடைசி 16-க்குப் போயின. சீட்டன் ஹால் இரண்டாம் நிலைத் தொடரான என்.ஐ.டி.யில் ஆடி, இறுதியில் இண்டியானா ஸ்டேட்டை 79-77 என்று வென்று கோப்பையோடு ஊர் திரும்பியது. பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவேயின் பையன்கள் மனம் விட்டுவிடாமல் ஆடியது எனக்கு அந்த சீசனின் மிகப் பிடித்த நினைவு.

ஒரு சீசனின் பட்டியலை அடுத்த சீசனுக்கு நீட்டிப் பார்க்கக் கூடாது என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஒரு வருடம் வெளியே உட்காரும் பழைய கட்டாயமும் தளர்ந்துவிட்டது. சீட்டன் ஹாலின் தூணாக இருந்த கடாரி ரிச்மண்ட் 2024 கோடையில் செயின்ட் ஜான்ஸுக்கே மாறினார். பயிற்சியாளர் ரிக் பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸ் 2024-25-இல் 18-2 என்று பட்டியலில் முதலிடம். 1985-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் தனி முதலிடம். கார்டனிலும் அவர்களே வென்றார்கள், அது 2000-க்குப் பிறகு முதல் முறை. சீட்டன் ஹால் 2-18 என்று கடைசி. இந்த மாற்றத்தின் வேகம் நல்லதா என்றால், நான்கு வருடம் ஒரே சட்டையில் வளரும் ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு வருத்தம்தான். ஆட்டக்காரர்களுக்கு அது நியாயம் என்பதிலும் சந்தேகம் இல்லை.

அந்த 2024-25 சீசனில் 13-7 என்று முடித்தவர்களில் சேவியரும் ஒன்று. முந்தைய வருடம் சீட்டன் ஹால் எடுத்த அதே எண், அதே 20 ஆட்டம், அதே இரட்டைச் சுற்று. இம்முறை குழு கதவைத் திறந்தது, அதுவும் கடைசி இடங்களுக்கான முன்சுற்றில். அந்த முன்சுற்றில் சேவியருக்கு எதிராக வந்தது டெக்சஸ். எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸில் 6-12 என்று ஆடிய அணி. அந்தக் கான்ஃபரன்ஸின் 16 அணிகளில் 14 அணிகளைக் குழு உள்ளே எடுத்திருந்தது. எஸ்.இ.சி. அந்த வருடம் நாட்டிலேயே பலமான கான்ஃபரன்ஸ், சாம்பியனான ஃபுளோரிடாவும் அங்கிருந்துதான் வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் கான்ஃபரன்ஸுக்குள் மூன்றில் இரண்டு ஆட்டம் தோற்ற அணியும், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு ஆட்டம் வென்ற அணியும் சமம் என்று குழு சொன்னது. ஒஹாயோவின் டேட்டன் நகரில் இரண்டும் மோதின. சேவியர் 86, டெக்சஸ் 80.